மூன்று பரவாயில்லைகளும் ஒரு பீப்பாச் சிவப்பும்

“ஒக்ரோபர், இரண்டாவது சனிக்கிழமை. மழை. பிற்பகல் 2.40. ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே. சிவப்பு வைன், சென்ற ஆண்டு அறுவடை, ஒரு பீப்பா. சுவைத்தவர்கள் மூவர். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். சொல்: பரவாயில்லை. பொருள்: விளங்கவில்லை.”

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இவ்வளவுதான். வழமையாக நான் இவ்வளவு சுருக்கமாக எழுதுவதில்லை. முதல் பனி எப்போது விழுந்தது, எங்கள் அஜின்கோர்ட் தெருவில் எந்த வீட்டுக்கு எந்த மாதம் யார் குடிவந்தார்கள், பஸ் பாதை எந்தக் கிழமை மாறியது எல்லாமே என்னிடம் எழுத்தில் உண்டு. அதனால் சில வீடுகளில் கணவன் மனைவி வாக்குவாதம் முற்றும்போது எனக்கு ஒரு ரெலிபோன் வரும். “அண்ணை, எங்கட பேஸ்மென்றுக்குத் தண்ணி வந்தது இவற்ற தங்கச்சி வந்து நிண்ட வருசமோ, அதுக்கு முந்தியோ?” நான் புரட்டிப் பார்த்துச் சொல்வேன். யாரோ ஒருவர் வெல்வார், மற்றவர் என்னோடு இரண்டு மாதம் பேசமாட்டார்.

வைனைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்ததற்கும் இதுதான் காரணம். வைனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அழைத்தவர் மன்னாரில் இரசாயனவியல் படிப்பித்த ஓர் அக்கா. இங்கே வந்து ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவரை நான் அண்ணை என்பேன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த கையோடு ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கி, குளிரைத் தாங்கும் முந்திரிகைக் கொடிகளை நட்டார். ஊர் நாலு விதமாகச் சிரித்தது. பிறகு லைசென்ஸ் எடுத்து, ஒரு கொட்டில் போட்டு, வெள்ளை வைன் செய்து, தேடி வருகிறவர்களுக்கு விற்கத் தொடங்கினார். சிரித்தவர்களும் தேடிப் போனார்கள்.

வெள்ளையில் சிக்கல் இல்லை. சிவப்பில்தான் சிக்கல். முதல் மூன்று வருடத்துச் சிவப்பை அண்ணையே இரகசியமாக வாய்க்காலில் ஊற்றினார். சென்ற வருடத்துச் சிவப்புத்தான் தேறியது என்பது அவருடைய நம்பிக்கை. அக்கா குடிப்பதில்லை. ஆனால் குழாயும் மானியும் வைத்து அளந்து, புளிப்பு எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். கொட்டிலில் இருப்பது ஒரேயொரு ஓக் பீப்பா. புதுப் பழம் அடுத்த கிழமை பறிக்க வேண்டும், பீப்பா காலியாக வேண்டும். உள்ளே இருப்பதைப் போத்தலில் அடைத்துத் தங்கள் குடும்பப் பெயரை ஒட்டி விற்பதா, அல்லது புளிக்கவிட்டு வினாகிரி ஆக்குவதா என்பதே கேள்வி. அக்கா அச்சாறு, ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். வினாகிரியைக் கான் கணக்கில் வாங்கி அலுத்திருந்தார்.

“தம்பி, நீர் பொய் எழுதமாட்டீர் எண்டு தெரியும்,” என்றார் ரெலிபோனில். “ஒருத்தர் குடிக்கிறவர், ஒருத்தர் குடிக்காதவர், ஒருத்தர் எழுதுறவர். மூண்டு பேரும் நல்லமெண்டு ஒரே தீர்ப்புச் சொன்னால் போத்தில். இல்லாட்டி திங்கக்கிழமை வினாகிரி. இவரும் ஓமெண்டு சொல்லிப்போட்டார்.”

பின்னால் அண்ணையின் குரல் கேட்டது. “நான் எப்ப ஓமெண்டனான்?”

“இப்ப சொல்லுங்கோ.”

“ஓம்.”

குடிக்காதவர் என்று அவர்கள் தேர்ந்தது தங்கள் மாதா கோயிலில் பாடும் ஓர் அன்ரியை. அஜின்கோர்ட்டில்தான் இருக்கிறார். முழங்கால் ஒப்பரேஷன் செய்து மூன்று மாதம். குடிக்கிறவரைப் பிடிப்பது என் பொறுப்பாயிற்று. யூனியன்வில்லில் ஒரு சென்னைக்காரர் எனக்குப் பழக்கம், வாசகசாலையில் ஒரே புத்தகத்துக்கு இருவரும் கை நீட்டியதில் தொடங்கிய பழக்கம். கணினித் துறையில் வேலை. பேஸ்மென்றில் வைனுக்கென்றே ஒரு குளிர்ப்பெட்டி வைத்திருக்கிறார். கேட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

போவதற்கு முன் நான் வாசகசாலையில் மூன்று புத்தகம் எடுத்துப் படித்தேன். வைனுக்கு மூக்கு உண்டு, உடல் உண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் சுழற்றினால் கால்கள் கூடத் தெரியும் என்று அறிந்தேன். ஒரு மதிப்பீட்டுத் தாள் தயாரித்தேன். நிறம், மூக்கு, உடல், துவர்ப்பு, முடிவு என ஐந்து கட்டங்கள். முடிவு என்றால் விழுங்கிய பிறகு வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. இதையெல்லாம் தாளின் அடியில் விளக்கி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

காரில் போகும்போது சென்னைக்காரர் கேட்டார், “அவங்களே பழம் வளர்க்கிறாங்களா சார்?”

“ஓம். இரண்டு ஏக்கர் முந்திரித் தோட்டம். அந்தப் பழத்திலதான் வைன்,” என்றேன்.

“முந்திரியிலயா?”

“முந்திரியிலதான். வேற எதில?”

அதற்குப் பிறகு அவர் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். பின் ஆசனத்தில் இருந்த அன்ரி, “தம்பிக்குக் கார் ஒத்துவராதோ?” என்று கேட்டு ஒரு தோடம்பழம் கொடுத்தார். போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டியது. தோட்டத்தைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. காரிலிருந்து கொட்டிலுக்கு ஓடினோம். அன்ரி மட்டும் நடந்தார்.

கொட்டிலில் நீள மேசை, வெள்ளைத் துணி, ஐந்து கதிரை. மூன்று கிண்ணம். நடுவில் ஒரு வாளி. அண்ணை புதுச் சேர்ட் போட்டிருந்தார். பீப்பாவில் இருந்து ஒரு போத்தலில் எடுத்து ஒவ்வொருவருக்கும் மூன்று விரற்கடை ஊற்றிவிட்டு, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் தகப்பனைப் போலச் சுவரோடு ஒட்டி நின்றார்.

“உந்த வாளி என்னத்துக்கு?” என்றார் அன்ரி.

“வாயில வைச்சு உருட்டிப் பாத்திட்டு அதுக்குள்ள துப்பலாம், அன்ரி. அப்பிடித்தான் செய்யிறவை,” என்றேன், மூன்று புத்தகம் படித்த தைரியத்தில்.

அன்ரி அண்ணையை ஒருதரம் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார். “ஒரு வருசமா மனுசன் பிள்ளைமாதிரிப் பாத்துச் செய்தது. அவற்ற முகத்துக்கு முன்னால துப்புறதோ? நான் வெளியில போய்த் துப்பிப்போட்டு வாறன்.”

ஒரு மிடறு எடுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, குடையை விரித்து, கையைச் சுவரில் ஊன்றி ஊன்றி வெளியே போனார். அன்ரி அப்படிச் செய்தபின் நான் மட்டும் வாளிக்குள் துப்பினால் மரியாதை கெட்டவன் ஆகிவிடுவேன். அவர் திரும்பி வந்ததும் குடையை வாங்கிக்கொண்டு நானும் கன்னத்தை உப்பியபடி கொட்டிலுக்குப் பின்னால் போனேன். இரண்டாம் மிடறுக்கும் அப்படியே. அந்தப் பக்கம் ஒரு யன்னல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதற்குள்ளால் அண்ணை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னைக்காரர் வெளியே போகவில்லை. அவர் குடிக்கவும் இல்லை. உதட்டில் ஒரு துளி வைத்து, கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஃபோன் கமெராவில் தன் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரம். மறுபடியும் முகம்.

அண்ணை மெதுவாக மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “ரெண்டு பேர் வெளியில போய் வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கினம். மற்றவர் வாயிலயே வைக்கிறாரில்லை.”

“பொறுங்கோ. எழுதி முடிக்கட்டும்,” என்றார் அக்கா.

தாள்களைச் சேர்த்து அவரே வாசித்தார். அன்ரியின் தாளில்:

நிறம்: சிவப்பு. மூக்கு: நேற்றிலிருந்து அடைப்பு. உடல்: சுகர் கொன்றோலில், கொலஸ்ரோல் கொஞ்சம் கூட. துவர்ப்பு: வாழைப்பூ சாப்பிட்டால் வரும். முடிவு: பிறகு சொல்லுறன்.

அக்கா தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் நின்றிருப்பார்களோ.

சென்னைக்காரரின் தாளில் ஐந்து கட்டத்திலும் ஒரே சொல்: “காத்திருக்கிறேன்.”

என் தாளைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். நிறத்துக்குக் கத்தரிக்காய்த் தோல் என்று எழுதியிருந்தேன். மூக்குக்குப் புதிதாகச் சீவிய பென்சில், ஈர மரப்பலகை. வாயில் வைத்ததும் நாவற்பழம் போலத் தொடங்கி நாக்கை நீலமாக்கியது. நடுவில் மாதுளம்பழம். கடைசியில் ஒரு கயர், தேயிலையை அடுப்பில் மறந்துவிட்டது மாதிரி. நன்றாக இருந்ததா? முதல் பாதி நன்றாக இருந்தது. இரண்டாம் பாதியை வெளியே போய்த் துப்பியிருந்தேன். எனவே “முடிவு” கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

“சரி, தாளை விடுங்கோ,” என்றார் அக்கா. “வாயால சொல்லுங்கோ. எப்பிடி, அன்ரி?”

“பரவாயில்லை,” என்றார் அன்ரி.

“தம்பி, உங்களுக்கு?”

சென்னைக்காரர் கடைசியாக ஒருதரம் கமெராவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “பரவாயில்லைங்க. நிஜமாவே பரவாயில்லை.”

“நீர்?”

அண்ணை சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்து நின்றார். என் வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

மூன்று பேரும் ஒரே தீர்ப்பு. அண்ணை கைகளைத் தட்டினார். “முடிஞ்சுது. போத்தில்.”

“என்ன முடிஞ்சுது? பரவாயில்லை எண்டால் நல்லம் எண்டோ, குறையில்லை எண்டோ, உயிர் போகேல்லை எண்டோ?” என்றார் அக்கா.

“நல்லம் எண்டுதான்.”

“போன மாசம் நான் வைச்ச மீன்குழம்பை நீங்கள் பரவாயில்லை எண்டு சொல்லிப்போட்டுப் பாணும் பட்டரும் தேடினீங்கள்.”

அக்கா சென்னைக்காரர் பக்கம் திரும்பினார். “உங்கட ஊரில என்ன கருத்து?”

“எங்க ஊர்ல, எதிர்பார்த்ததைவிட நல்லா இருந்தா அப்படிச் சொல்வோம்.”

“அப்ப எதிர்பார்த்தது குறைவோ?”

அவர் நெளிந்தார். “இல்லங்க. நான் வைனைச் சொல்லலை. உதட்டைச் சொன்னேன். எனக்கு முந்திரி ஒத்துக்காது. சாப்பிட்டா உதடு வீங்கிடும். பழம் எப்படின்னு தெரியலை. மரியாதைக்கு ஒரு துளி வெச்சுப் பார்த்தேன். அஞ்சு நிமிஷமாச்சு, வீங்கலை. அதான் பரவாயில்லைன்னேன்.”

அக்காவும் அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இது முந்திரிதானே,” என்றார் அண்ணை. “கஜு இல்லையே.”

“கஜுன்னா?”

அக்கா எழுந்து போய், மறுபக்கக் கதவைத் திறந்து, குடையில்லாமலே ஒரு குலையைப் பறித்து வந்து சென்னைக்காரர் முன்னால் வைத்தார். கறுப்பு மணிகளில் மழைத்துளி நின்றது.

“இது திராட்சை,” என்றார் அவர்.

“இதைத்தான் நாங்கள் முந்திரி, முந்திரிகை எண்டுறது,” என்றார் அக்கா. “ நீங்கள் முந்திரி எண்டுறதை நாங்கள் கஜு எண்டுறது.”

“ஓ,” என்றார். பிறகு, “இந்தக் குளிர்ல முந்திரி மரம் எப்படி வளர்க்கிறார்னு வழியெல்லாம் யோசிச்சேன். அண்ணன் பெரிய ஆள்னு நினைச்சேன்.”

“இப்ப?” என்றார் அண்ணை.

ஒரு பரவாயில்லை கழிந்தது. அன்ரியிடம் கேட்டபோது அதுவும் கழிந்தது. “எப்பிடி எண்டு கேட்டாய். முழங்காலைக் கேட்டாய் எண்டு நினைச்சன். ரெண்டுதரம் வெளியில போய் வந்தனான் எல்லோ.”

மிஞ்சியது என்னுடையது மட்டும். அதன் பொருள் எனக்கே தெரியவில்லை. ஆனால் அறிய ஒரு வழி இருந்தது. கடந்த இரண்டு வருட நாட்குறிப்புகள் காரில் இருந்தன. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“திரும்பவும் போறான்,” என்றார் அண்ணை சோர்ந்துபோய்.

கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் புரட்டினேன். பரவாயில்லை என்று நான் எழுதிய இடங்கள் பதினொன்று அகப்பட்டன. மருமகளின் நடன அரங்கேற்றம்: உண்மையில் நன்றாக இருந்தது. புதுச் சப்பாத்து: கடித்தது. ஒரு கலியாணவீட்டுப் புரியாணி: எழுதியதோடு அடுத்த வரியில் இரண்டு நாள் வயிற்றுக்கோளாறு. பல் பிடுங்கியது: எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்து நல்லது, ஐந்து கெட்டது, ஒரு பல்.

“உம்மை நம்பிக் கூப்பிட்டன்,” என்றார் அக்கா.

சென்னைக்காரர் நிலைமையைச் சரிசெய்ய முன்வந்தார். பயம் நீங்கியதால் இப்போது முறையாகச் சுழற்றி, முகர்ந்து, உறிஞ்சி, கண்ணை மூடினார். வாளிக்குள் துப்பவும் செய்தார். அண்ணை ஒரு கணம் திரும்பி நின்றுகொண்டார்.

“நல்ல அசிடிட்டி,” என்றார் சென்னைக்காரர் மனநிறைவோடு.

“புளிப்பு,” என்றார் அக்கா. “அப்ப வினாகிரிக்குத் திறம்.”

“ஐயோ, அந்த மாதிரி இல்லைங்க. வைனுக்கு அது உயிர் மாதிரி.”

“எத்தினை பேர் வெள்ளைக்கும் உப்பிடி உயிர் எண்டு சொல்லிப்போட்டு ஒரு போத்தில் வாங்கினதோட நிப்பாட்டினவை.” அக்கா போத்தலைக் கையில் எடுத்தார். “சொல்லு ஒண்டும் வேண்டாம். இரண்டாந்தரம் விடுறன். ஆர் குடிக்கினம் எண்டு பாப்பம். அதுதான் தீர்ப்பு.”

நியாயமான வழி. ஆனால் எங்கள் ஆட்களிடம் செல்லாது. இரண்டாந்தரம் ஊற்ற வந்தால் வேண்டாம் என்பது பழக்கம், வற்புறுத்துவது வீட்டுக்காரரின் கடமை, விட்டுக்கொடுப்பது விருந்தாளியின் கடமை. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் தொடக்கத்தில் ஒரே விடைதான். அக்கா கேட்டதும் மூன்று பேரும் ஒன்றாக, “ஐயோ வேண்டாம், போதும்,” என்றோம்.

அக்கா போத்தலை வைத்துவிட்டு நின்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் வற்புறுத்தவில்லை.

“அப்ப வேண்டாமோ?”

“இல்லை, நீங்கள் பிறகு கேக்கேல்லையே,” என்றேன்.

“சரி. மூண்டுதரம் கேக்கிறன். மூண்டாந்தரம் சொல்லுறதுதான் கணக்கு.”

இரண்டாந்தரம் கேட்டார். சென்னைக்காரர், “கொஞ்சமா,” என்றார். நானும் அப்படியே. அன்ரி கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினார். மூன்றாந்தரமும் கை எடுபடவில்லை. அண்ணையின் முகம் விழுந்தது. அக்கா குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

“விரலை ஏன் விரிச்சு வைச்சிருக்கிறியள்?”

“ஆர் விரிச்சது?”

“ஒரு போத்திலே அதுக்குள்ளால போகும் போல இருக்கு.”

“முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு விரலெல்லாம் இப்பிடித்தான் நிக்குது,” என்றார் அன்ரி.

அக்கா விரல்களுக்கு நடுவால் ஊற்றினார். கை அசையவில்லை. நிரம்பியபிறகு அன்ரி கையை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, கிண்ணத்தைத் தூக்கினார். இம்முறை குடையைத் தேடவில்லை. விழுங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி அண்ணையிடம் கேட்டார், “இதில ரெண்டு போத்தில் தருவீங்களோ? டிசெம்பரில நத்தார் கேக்குக்குப் பழம் ஊறவைக்க வேணும்.”

“கேக்குக்கோ?” என்றார் அண்ணை. ஒரு வருட உழைப்பு ஒரு கேக்குக்குள் போவது அவருக்குத் தாங்கவில்லை. “குடிக்கேலாது எண்டுறியளோ?”

ஆனால் அக்கா போத்தலைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறியிருந்தது. அந்தக் கேக்கின் கதை அந்தக் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருந்து மருமகன் கொண்டுவந்த பிரண்டியை அன்ரி மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது, பாதிரியார் கொடுத்த போத்தலை மரியாதையாக வாங்கி அலுமாரியில் வைத்து, வருடங்களாக அதைத் திறக்காமல் இருப்பது எல்லாம் தெரிந்த விசயம்.

“முந்தி என்னத்தில ஊறப்போட்டனீங்கள், அன்ரி?”

“அது நான் சொல்லுறேல்லை.”

“அதை விட்டிட்டு இதோ?”

“ஓம். கடைசியில ஒரு கயர் நிக்குது. இனிப்புக்கு அது வேணும்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “உம்மட தாளைத் தாரும். ‘முடிவு’ எண்ட கட்டம் வெறுமையாக் கிடக்குது.”

அதில் என்ன எழுதினார் என்று காட்டவில்லை. நேரே அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா வாசித்து, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்தார். “போத்தில் கழுவவேணும்,” என்றார் கணவரிடம். அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். சென்னைக்காரர் ஒரு பெட்டிக்கு இப்போதே சொல்லிவைத்தார். திரும்பும் வழியில் அன்ரி பின் ஆசனத்தில் நித்திரையாகிப் போனார்.

இதுவரை எழுதியதற்கு நானே சாட்சி. இனி வருவதற்கு இல்லை. போத்தலில் அடைத்த நாளைக் குறித்துக்கொள்ள இருவரையும் தனித்தனியே கேட்டேன். அண்ணை சொன்னார், “நீங்கள் கார் எடுத்து ரோட்டுக்கு ஏறினவுடன தொடங்கினன். அவ மனம் மாறமுந்தி. சனிக்கிழமையே முடிச்சன்.” அக்கா சொன்னார், “உந்த மனுசன் சும்மா சொல்லுது. முறைப்படி தெளியவிட்டு, வடிச்சு, புதன்கிழமைதான் அடைச்சது. என்ர கையெழுத்தில இருக்கு.” அந்தக் கையெழுத்தைக் காட்டும்படி கேட்டேன். தேடித் தருவதாகச் சொன்னார். இரண்டு தரம் நினைவுபடுத்தியும் வரவில்லை. அண்ணை சொல்வது சரியென்றால் அந்தப் போத்தல்களின் அடியில் மண்டி இருக்க வேண்டும். எனக்குத் தந்த ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி கடும்பச்சை, ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே குறிப்பேட்டில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன்: அடைத்த நாள் சனி அல்லது புதன். இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.